பெட்டி மேல் இருந்த முகம்

ஜூன் 3, திங்கள்

முதியோர் எழுத்தறிவு வகுப்பு முடிந்த எங்கள் பதினொரு பேருக்கும் லீலாவதி டீச்சர் ஆளுக்கொரு கோடு போட்ட நோட்டுக் கொடுத்தார். தினமும் நாலு வரியாவது எழுத வேண்டும், இல்லாவிட்டால் கற்றதெல்லாம் ஆறே மாதத்தில் போய்விடும் என்றார். எனக்கு அறுபத்தொன்பது வயது. போக விட மாட்டேன்.

என் பெயர் நாச்சிமுத்து. முப்பத்தெட்டு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனிக் குடோன்களில் பெட்டி சுமந்தேன். இடுப்பு எலும்பு முறிந்து வீட்டோடு உட்கார்ந்து ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் நானும் மருமகள் மேகலாவும்தான். மகன் தினகரன் ஜோர்டான் நாட்டில் ஒரு தையல் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மேகலா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, நூல் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

இவ்வளவும் எழுத ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. வெளியே போய் நின்று, திரும்ப வந்து படித்துப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருக்கிறது.

இன்று மேகலா என்னிடம் ஒன்று சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். நான் சொல்லவில்லை.

ஜூன் 5, புதன்

நோட்டில் எழுதினால் சொன்னதாகாது. அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் அவள் கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். போட்டு நடந்து காட்ட ஆள் இல்லையென்று முதலாளியம்மா மேகலாவை நைட்டி மாட்டிக்கொண்டு நிற்கச் சொல்லியிருக்கிறார். இவள் நின்றிருக்கிறாள். ரொம்ப நன்றாக நிற்கிறாள், எங்கே பழகினாள் என்று அந்த வெளிநாட்டுக்காரர் கேட்டாராம். அன்றிலிருந்து இவளுக்கு மாடலாக வேண்டும் என்று ஆசை. செல்லில் தேடி ஒரு ஏஜென்சியையும் கண்டுபிடித்துவிட்டாள். மயிலிறகு மாடலிங் ஏஜென்சி, அவினாசி ரோடு.

"கல்யாணமான பொண்ணுன்னா ஊட்டுப் பெரியவங்க வந்து சம்மதம் குடுக்கோணுமாமுங்க மாமா. நீங்க வருவீங்களா?"

"தினகரங்கிட்டச் சொன்னயா கண்ணு?"

"ஆனதுக்கப்புறம் சொல்லிக்கலாமுங்க. இப்பச் சொன்னா வேண்டாம்பாரு."

வருகிறேன் என்றேன். எட்டு வருஷமாக இந்த வீட்டில் அவள் தனக்கென்று ஒன்று கேட்டு நான் பார்த்ததில்லை.

ஜூன் 8, சனி

போய்விட்டு வந்தோம்.

செல்போன் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஏசி போட்டிருந்தார்கள். நான் சுவரைப் படித்தேன். 'அரசுப் பதிவு பெற்ற நிறுவனம்.' 'ஆயிரம் மாடல்களை உருவாக்கியவர்கள்.' 'வெற்றிகரமான இரண்டாம் ஆண்டில்.' மூன்றையும் யார் உதவியும் இல்லாமல் படித்தேன். அச்சில் அவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

அதற்குக் கீழே 'எங்கள் மாடல்கள்' என்று ஐந்து படம். அதில் ஒன்று மூக்குத்திக்காரி. எனக்கு எழுத்துத் தெரியாத காலத்தில் பெட்டி மேல் இருக்கும் முகத்தை வைத்துத்தான் எந்தப் பெட்டி எந்த லாரிக்கு என்று அறிவேன். மூக்குத்திக்காரி கேரளா லாரி. குறுந்தாடிக்காரர் ஈரோடு. இரண்டு பிள்ளைகள் சிரிக்கிற பெட்டி மதுரை. மூக்குத்திக்காரியை மட்டும் எத்தனை ஆயிரம் தடவை தலையில் வைத்திருப்பேன். இங்கே சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்ததும் சொந்தக்காரியைப் பார்த்தது மாதிரி இருந்தது.

மேனேஜர் ரித்தீஷிடம் சொன்னேன். "இந்தம்மாவ நான் சொமந்திருக்கறனுங்க." அவர் சிரித்தார். "எங்க பொண்ணுதாங்க ஐயா. நாங்க வளத்துவிட்டதுதான். இப்ப பாம்பேல இருக்காங்க." சின்ன வயது, வெள்ளைச் சட்டை. மேகலாவை ஒரு சுற்றுச் சுற்றி நடக்கச் சொன்னார். "இப்படி ஒரு முகத்தை எங்கீங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க" என்றார். மேகலா தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு ஒப்பந்தம். பத்திரத் தாள் மூன்று, தமிழில்தான் அடித்திருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது கூட நான் கைநாட்டுத்தான் வைத்தேன். இங்கே மூன்று இடத்திலும் என் பெயரை எழுதினேன். "ஐயா கையெழுத்து முத்து முத்தா இருக்குதே" என்றார். எங்களுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள்.

தாளில் என்னென்ன போட்டிருந்தது என்று பஸ்ஸில் மேகலா கேட்டாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

கார்ப்பரேஷன் தண்ணீர் வந்தது. தொட்டி நிரம்பவில்லை.

தினகரன் பேசினான். இடுப்பு எப்படி, மழை உண்டா, மேகலாவுக்கு ஓவர்டைம் உண்டா என்று கேட்டான். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றோம். முதலில் அவள் சொன்னாள். பிறகு நான் சொன்னேன்.

ஜூன் 12, புதன்

ஆல்பம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மாடலாவதற்கு ஆல்பம் இல்லாமல் எந்தக் கம்பெனியும் பார்க்காதாம். அதற்குப் பதினெட்டாயிரம். மேகலா சீட்டு எடுத்த பணத்தைக் கட்டினாள். ரசீது பிறகு தருகிறார்களாம்.

உள்ளே கூட வரலாமா என்று கேட்டேன். லைட் சூடு, வயதானவர்களுக்கு ஆகாது என்றார் ரித்தீஷ். இரண்டு மணி நேரம் வெளி நாற்காலியில் இருந்தேன். சுவரில் எழுதியிருந்ததை இன்னொரு தடவை படித்தேன்.

ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கும். "என்னோட சர்டிஃபிகேட்டக் குடுங்க, மூணு மாசமா அலையறன்" என்றாள். சார் வெளியூர் போயிருக்கிறார் என்று மேசைக்காரப் பெண் சொன்னாள். சார் உள்ளே மேகலாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வேறு சாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேகலா வெளியே வந்தாள். முகத்தில் அவ்வளவு பவுடர். வீடு வரும் வரை பேசவில்லை. கேட்டதற்கு, கையில்லாத சட்டையும் குட்டைப் பாவாடையும் போடச் சொன்னார்கள், வெளிநாட்டு ஆர்டருக்கு அதுதான் வேண்டுமாம் என்றாள். "தப்பா ஒண்ணும் இல்லீங்க மாமா. கதவு தொறந்துதான் இருந்துச்சு." நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் கதவு சாத்தியிருந்தது.

ஜூன் 13, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 15, சனி

ரித்தீஷ் போன் செய்தார். முதல் ஆர்டரே கிடைத்துவிட்டதாம். வருகிற வெள்ளிக்கிழமை, இருபத்தொன்றாம் தேதி, பெங்களூரில் மூன்று நாள். பெண்கள் மட்டும், துணைக்கு யாரும் வரக் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு வேன்.

தங்குமிடத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அசல் ஆதாரும் மார்க் ஷீட்டும் வேண்டும் என்றார். மேகலாவுக்கு லீவு இல்லை. நானே எடுத்துப் போனேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மார்க் ஷீட்டைப் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்று எழுபத்தெட்டு. இத்தனை வருஷத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கொடுத்துவிட்டு வந்தேன்.

மேகலா புது செருப்பு வாங்கியிருக்கிறாள். அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் பீரோ மேல் வைத்திருக்கிறாள்.

ஜூன் 17, திங்கள்

ரேஷனில் துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது, புதன்கிழமை வரச் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் ஜவுளிக் கடை வாசலில் காலிப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மேலே மூக்குத்திக்காரி. நின்று பார்த்தேன். பிறகு பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். டீ ஆறிவிட்டது.

நான் கடைசியாகப் பெட்டி தூக்கியது ஆறு வருஷத்துக்கு முன்னால். அதற்கும் முன்னால் ஐந்து வருஷமாவது அவளைச் சுமந்திருக்கிறேன். மயிலிறகு ஆரம்பித்தது போன வருஷம். சுவரில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். பிறகு அவளை எப்படி வளர்த்துவிட்டிருக்க முடியும்?

பழைய ஆளாக நான் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பேன். எனக்கு முகம் தெரியும். எழுத்து வந்த பிறகு எழுத்தைத்தான் நம்பினேன்.

ஜூன் 18, செவ்வாய்

மூக்குத்திக்காரி கம்பெனி குடோனுக்குப் போனேன். குடோன் கீப்பர் காளியப்பன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

"என்ன நாச்சிமுத்தண்ணா, இடுப்பு சரியாப் போச்சா? ரெண்டு பெட்டி தூக்கறீங்களா?"

"பெட்டி மேல இருக்கறவ ஆருன்னு சொல்லு, தூக்கறன்."

அவனுக்குத் தெரியவில்லை. ஆபீசுக்குள் கூட்டிப் போனான். அங்கே கணக்கெழுதும் அம்மா பழைய ஃபைலைப் பார்த்துச் சொன்னார்கள். படம் எடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எடுத்தவர் பல்லடம் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஃபிரான்சிஸ். அந்தப் பெண் பாம்பே ஏஜென்சி மூலம் வந்தாள். மயிலிறகு என்ற பெயரையே அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட எவ்வளவு கட்டுச்சுங்கம்மா?"

"அது எதுக்குக் கட்டோணும்? நாங்கதான் அதுக்குக் கட்டுனோம். அதுல ஏஜென்சி அவங்க பங்க எடுத்துக்குவாங்க. வேலை குடுக்கறதுக்கு முன்னாடியே காசு கேக்கறவன் மாடல் ஏஜென்சி நடத்தலீங்க, வேற என்னமோ நடத்தறான்."

அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "ஆரு குடுத்தது?" என்றார்கள்.

காளியப்பன் டீ வாங்கித் தந்தான்.

இப்போது இதை எழுதியாக வேண்டும். எட்டாம் தேதி அந்த மூன்று தாளையும் நான் படிக்கவில்லை. முதல் வரியை மட்டும் படித்தேன். விரல் வைத்து எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். அத்தனை பேருக்கு நடுவில் அப்படிப் படிக்க வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட ஆசையாகவும் இருந்தது.

ஜூன் 19, புதன்

அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும் வரை மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"பொட்டி மேல இருக்கற படத்த வச்சா சொல்றீங்க?"

"அந்தம்மா ஃபைலப் பாத்துச் சொன்னாங்க கண்ணு."

"தாள்ல எல்லாஞ் சரியா இருக்குதுன்னு பஸ்ஸுல சொன்னீங்களே மாமா."

நேரமாகிறது, டப்பாவை மூடு என்றேன்.

"படிச்சீங்களா இல்லீங்களா?"

"படிக்கல."

டப்பாவை அப்படியே வைத்துவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். "நானே படிச்சிருப்பன். நீங்க ஆசையா வாங்குனீங்க. உங்க கையில இருந்து புடுங்கிப் படிச்சா ஒரு மாதிரி இருக்கும்னு உட்டுட்டன்" என்றாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அழவில்லை.

பிறகு ரித்தீஷுக்குப் போன் செய்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். பெங்களூருக்கு வரவில்லை, சான்றிதழைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். அவர் குரல் மாறவே இல்லை. அதே சிரிப்பு.

"வரலைன்னா ரெண்டு லட்சம் கட்டணும்மா. ரெண்டாவது பக்கத்துல இருக்கு. ஐயா படிச்சுட்டுத்தானே போட்டாரு?"

"கட்ட மாட்டேன்."

"சரிம்மா. ஃபார்ம்ல உங்க வீட்டுக்காரர் நம்பர் கொடுத்திருக்கீங்க, ஜோர்டான் நம்பர். உங்க ஆல்பம் ரொம்ப அழகா வந்திருக்கு. அவரு பாத்தா சந்தோஷப்படுவாரு. வெள்ளிக்கிழமை வேன் கிளம்புற வரைக்கும் பாக்கறேன்."

போனை வைத்த பிறகும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போயிட்டு வந்தர்றனுங்க மாமா. மூணு நாள்தானே" என்றாள். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது.

ஜூன் 20, வியாழன்

இன்று அவளும் வேலைக்குப் போகவில்லை.

காலையில் சொன்னேன். தினகரனுக்குத் தெரியக் கூடாது என்று நாம் இருக்கும் வரைக்கும்தான் அந்த ஆள் கையில் ஏதோ இருக்கிறது. அவனுக்குத் தெரிந்துவிட்டால் ஒன்றும் இல்லை.

"தெரிஞ்சா என்னை என்ன நெனப்பாரு?"

"என்னையத்தான் நெனைக்கோணும். கையெழுத்து என்னோடது."

"பேச எனக்கு வாய் வராதுங்க."

"பேச வேண்டாம். நான் எழுதறன்."

பன்னிரண்டு மணி வரை எழுதினேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் நின்றது. அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

'தினகரனுக்கு அப்பா எழுதுவது. இது நானே எழுதுகிறேன். மேகலாவுக்கு மாடல் ஆக ஆசை. அது தப்பில்லை. நாங்கள் போன இடம் தப்பு. நான் படிக்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் சர்டிஃபிகேட்டைக் கொண்டு போய்க் கொடுத்ததும் நான்தான். இப்போது அவள் தனியாகப் பெங்களூர் வர வேண்டும், இல்லாவிட்டால் அவள் படத்தை உனக்கு அனுப்புவோம் என்கிறார்கள். அதனால் நாங்களே அனுப்புகிறோம். உன்னிடம் சொல்லாமல் செய்தது தப்பு. கோபம் இருந்தால் என்னிடம் காட்டு. அவளிடம் காட்டாதே. நாச்சிமுத்து.'

மேகலா அதைச் செல்லில் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினாள். ஆல்பத்திலிருந்து அவர்கள் மாதிரிக்கென்று இவளுக்கு அனுப்பிய நாலு படம் செல்லில் இருந்தது. அதையும் ஒவ்வொன்றாக அனுப்பினாள். நாலாவதுக்கு விரல் நின்றது. பிறகு அதையும் அழுத்தினாள்.

அவனுக்கு அங்கே மதியச் சாப்பாடு வரை செல்லைத் தொட முடியாது. இங்கே மூன்று மணி ஆகும். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தோம். ஒரு கிலோவும் உரித்துவிட்டோம். இரண்டு பேர் சமையலுக்கு எதற்கு ஒரு கிலோ என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றே காலுக்கு இரண்டு டிக்கும் நீலமானது. போன் வரவில்லை. நாலு மணிக்கும் வரவில்லை.

ஜூன் 21, வெள்ளி

காலை ஆறரைக்கு வந்தது. அங்கே இன்னும் விடிந்திருக்காது. மேகலா எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

"ஏனுங்கப்பா, நெசமாலுமே நீங்க எழுதுனதா?"

"நான்தான்."

"அவகிட்டக் குடுங்க" என்றான். நான் கொடுக்கவில்லை. என்னிடமே சொல் என்றேன்.

"கோவந்தானுங்க. நேத்து முழுக்கக் கோவம். இத்தனை நாளு போன்ல ரெண்டு பேரும் நல்லா இருக்கறோம் நல்லா இருக்கறோம்னு சொன்னீங்களே, அதுக்குத்தான். அவளத் தனியா அனுப்பீராதீங்க. மொதல்ல ஸ்டேஷன்ல மனுக் குடுங்க. ரசீது வாங்கீட்டு அப்புறம் அந்த ஆள் ஆபீசுக்குப் போங்க. இப்பவாவது அவகிட்டக் குடுங்கப்பா."

கொடுத்தேன். நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ் மனுவை வாங்கிக்கொண்டார். இதே ஆளைப் பற்றி இதற்கு முன்பே ஒரு மனு வந்திருக்கிறது என்றார். சான்றிதழ் கேட்டு வந்த பெண்ணாக இருக்கும். அன்று அவளை ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். நான் சுவரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு மயிலிறகுக்குப் போனோம். மாடிப்படியில் என்னால் வேகமாக ஏற முடியவில்லை. மேகலா ஒவ்வொரு படியிலும் நின்றாள். பயந்திருந்தாள். கைப்பையை மார்போடு பிடித்திருந்தாள்.

ரித்தீஷ் எழுந்து வரவேற்றார். "பேக் எங்கம்மா? வேன் ஆறு மணிக்கு."

"என் மார்க் ஷீட்டக் குடுங்க."

அவர் செல்லை எடுத்து மேசை மேல் வைத்தார். "இப்ப அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க. நேத்தே நானே அனுப்பீட்டன். நாலாவது படத்துல லைட்டு சரியில்லைன்னு சொல்லச் சொன்னாரு."

அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேகலா போலீஸ் ரசீதை எடுத்துக் காட்டினாள், கையில் கொடுக்கவில்லை. காத்திருந்த பெண்கள் மூன்று பேர் எழுந்து பக்கத்தில் வந்தார்கள். என்ன ரசீது என்று கேட்டார்கள். மேகலா சத்தமாகச் சொன்னாள். மேசைக்காரப் பெண் சார் சொல்வதற்கு முன்பே பீரோவைத் திறந்தாள். உள்ளே ஒரு கட்டு மார்க் ஷீட் இருந்தது.

மேகலாவுடைய மார்க் ஷீட்டையும் ஆதாரையும் கொடுத்துவிட்டார்கள். மீதியைப் பற்றி ஸ்டேஷனில் திரும்பப் போய்ச் சொன்னோம். பதினெட்டாயிரம் வராது. ஒப்பந்தத்தின் நகல் கேட்டேன், இல்லை என்றார்கள். இரண்டு லட்சத்தைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

ஆறு மணிக்கு நாங்கள் வீட்டில் இருந்தோம். அந்த வேனில் யாராவது ஏறினார்களா என்று தெரியவில்லை. மேகலாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை, ஆனால் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஜூன் 25, செவ்வாய்

ஸ்டேஷனில் இருந்து போன். மாடியில் பூட்டுப் போட்டிருக்கிறது, ஆளைத் தேடுகிறார்கள். பீரோவைத் தூக்கி வந்துவிட்டார்களாம். பத்தொன்பது மார்க் ஷீட்.

ஜூன் 30, ஞாயிறு

நேற்று பல்லடம் ரோட்டில் ஃபிரான்சிஸ் ஸ்டுடியோவுக்குப் போனோம். நான் கூப்பிடவில்லை. மேகலாதான், "ஒருத்தன் ஏமாத்துனான்னு ஆசைய விட்டுருவனுங்களா" என்றாள். தினகரனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஃபிரான்சிஸுக்கு என் வயது இருக்கும். சுவரில் ஒரு எழுத்துக் கூட இல்லை. எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டேன். "கட்டறதா? வேலை கிடைச்சா கம்பெனிக்காரன் தருவான். கிடைக்காட்டி டீ மட்டும் என் செலவு" என்றார். கதவைத் திறந்து வைத்து, என்னையும் உள்ளேயே உட்காரச் சொல்லி, பத்துப் படம் எடுத்தார். பிறகு ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். நிற்பது நன்றாக இருக்கிறது, உயரம் போதாது, பெட்டிப் படத்துக்கு எடுக்க மாட்டார்கள். சேலைக் கடைகளில் இவ்வளவு உயரம் பார்ப்பதில்லை, அங்கே கேட்டுப் பார் என்று இரண்டு பேருடைய நம்பரைக் கொடுத்தார்.

பஸ்ஸில் மேகலா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வருத்தமா என்று கேட்டேன். "வருத்தந்தானுங்க. ஆனா மூஞ்சிக்கு நேராச் சொன்னாரு பாருங்க" என்றாள்.

இன்று தினகரன் கூப்பிட்டான். இடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை, மழையைப் பற்றியும் கேட்கவில்லை. "என்ன சொன்னாங்க?" என்றுதான் ஆரம்பித்தான். மேகலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வேண்டாம்னுட்டாங்க. உயரம் பத்தாதாம்."

"ஆரு சொன்னது?"

"ஃபிரான்சிஸ் சாரு."

"அந்தாளுக்குக் கண்ணு தெரியுமா? வயசென்ன? கண்ணாடி போட்டிருந்தாரா? உன்னைய வேண்டாங்கறதுக்கு அவரு ஆரு?"

அரை மணி நேரம் சண்டை போட்டான், அங்கே இல்லாத அந்த மனிதரோடு. மேகலா ஃபிரான்சிஸ் பக்கம் நின்று பேசினாள். உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அவர் என்ன செய்வார் என்றாள். அவன் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை சேலைக் கடைக்குப் போகும்போது தன்னைப் போனில் வைத்துக்கொண்டே போக வேண்டும் என்றான்.

"நீங்க வந்து என்ன பண்ணுவீங்க?"

"நானும் கேக்கறன். ஒப்பந்தத் தாளு குடுத்தாங்கன்னா அப்பா ஒரு பக்கம் படிக்கட்டும், நீ ஒரு பக்கம் படி, நான் கேக்கறன்."

"அவ்வளவு நேரம் கடைக்காரரு காத்திருப்பாருங்களா?"

"காத்திருக்காத கடை நமக்கு வேண்டாம்" என்றான் தினகரன்.